மறுகால் பாயுதா? தோப்புக்குள் இருக்கும் சிறு மண் அணையைப் பற்றி

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால், வெளியூரில் இருக்கிற திருநெல்வேலிக்காரர்கள் வீட்டுக்குப் போன் போட்டதும் கேட்பது ஒன்றுதான்: "குளம் பெருகிட்டா? மறுகால் பாயுதா?" குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து ஓடுவதைத்தான் எங்கள் பக்கம் மறுகால் என்கிறோம். மகிழ்ச்சியோடு கேட்கிற கேள்வி அது. மண்ணால் கட்டிய எந்தக் கரைக்கும் உயிர்நாடியும் அதுதான். வந்து சேரும் தண்ணீர் கொள்ளளவைத் தாண்டினால், கரைமேல் ஏறாமல் வெளியே போக அதற்கு வழி இருக்கிறதா?

ஊர்க்குளம் என்றால் இதைக் கேட்க நூறு பேர் உண்டு. நீர்வளத்துறை, பஞ்சாயத்து, பாசனக்காரர்கள், கரை வழியாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்று யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மலையடிவாரத்தில், சொந்தத் தோப்புக்குள், ஒரு குடும்பம் தன் செலவில் போட்டுக்கொண்ட சிறு மண் அணையைப் பார்க்க யாரும் வருவதில்லை. சொந்தக்காரர் பார்த்தால்தான் உண்டு. என்ன பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதை, பொறியியல் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

என் பெரியப்பாவின் தோப்பு கடையத்துக்கு மேற்கே, மலையிலிருந்து கிழக்கே சரிந்து வரும் நிலத்தில் இருக்கிறது. மேல்பக்கத்து மேட்டில் விழும் மழை வந்து கூடும் இடத்தில் 12 அடி உயரத்துக்கு ஒரு மண் கரை. நிறைந்தால் 2 ஏக்கருக்குத் தண்ணீர் நிற்கும். வீட்டில் அதைக் குட்டை என்றுதான் சொல்வோம். 2023 டிசம்பர் 17 ராத்திரி வரை அது ஓர் அணை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மழை தென்மாவட்டக்காரர் எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் அடிவாரத்தில் அந்த அளவுக்கு இல்லை. இருந்தும் ராத்திரி பத்து மணிக்குத் தோப்பைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி போன் போட்டார். "தம்பி, தண்ணி கரைக்கு ஒன்றரை அடிதான் கொறவா நிக்கு. மறுகால் பாயவே மாட்டேங்கு." டார்ச்சோடு ஓடிப்போய்ப் பார்த்தோம். மீன் வெளியே போய்விடக் கூடாது என்று மறுகால் வாயில் நைலான் வலை கட்டியிருந்தது. அதில் சீமை உடை முள்ளும் தென்னை மட்டையும் சருகும் வந்து அப்பி, வலை ஒரு சுவராகவே நின்றது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அரிவாளால் வலையை அறுத்துவிட்டோம். அரை மணி நேரத்தில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. (நாங்கள் அப்படித் தண்ணீருக்குள் இறங்கியது தவறு. கால் வழுக்கியிருந்தால் தண்ணீர் ஆளை அந்த வலையோடு சேர்த்து அழுத்தியிருக்கும். வலை அங்கே இருந்ததுதான் அதைவிடப் பெரிய தவறு.) கரைக்குக் கீழே இரண்டு பர்லாங்கில் ஒரு தெரு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

குட்டை என்கிற பெயரில் ஒளிந்திருக்கும் எடை

2 ஏக்கர் என்பது சுமார் 8,000 சதுர மீட்டர். சராசரி ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 16,000 கன மீட்டர் தண்ணீர். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஆக, 16,000 டன். 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரி 1,300க்கு மேல் வேண்டும் அதை அள்ள. கரை உடைந்தால் இதில் பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள் கீழே போய்விடக்கூடும், அதுவும் மண்ணையும் மரத்தையும் கல்லையும் சேர்த்து உருட்டிக்கொண்டு.

அதனால் ஓர் அணை எவ்வளவு ஆபத்தானது என்பதை அதன் உயரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கீழே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பொறியாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். 20 அடிக் கரைக்குக் கீழே பத்து மைலுக்கு வெறும் பொட்டல் என்றால் ஆபத்து குறைவு. 10 அடிக் கரைக்குக் கீழே ஒரு தெருவோ, செங்கல் சூளையில் குடிசை போட்டுத் தங்கியிருக்கும் குடும்பங்களோ இருந்தால் ஆபத்து மிக அதிகம். கரை போட்ட காலத்தில் கீழே காடாக இருந்திருக்கும். இருபது வருஷத்தில் வீடுகள் வந்திருக்கும். கரை மாறாமலேயே அதன் ஆபத்து வகை மாறிவிடுகிறது.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் குளங்கள் பெரும்பாலும் சங்கிலியாகக் கோத்தவை. மேல்குளத்தின் மறுகால்தான் அடுத்த குளத்துக்கு வரத்து. ஏற்கெனவே நிறைந்து நிற்கும் கீழ்க்குளத்துக்குள் மேலே உடைந்த தண்ணீர் ஒரேயடியாக வந்து விழுந்தால், அந்தக் கரையும் தாங்காமல் போகலாம். தோப்புக் குட்டையின் உடைப்பு தோப்போடு நிற்காது.

மண் எப்படித் தண்ணீரைத் தாங்குகிறது

மண் கரை தண்ணீரை முழுதாக அடைத்து நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது கசியத்தான் செய்யும். குடிதண்ணீர் வைத்த மண்பானை வெளியே வேர்ப்பதுபோல, உலகத்தில் உள்ள எல்லா மண் அணையும் கொஞ்சம் வேர்க்கிறது. அந்தக் கசிவு மெதுவாக, தெளிவாக, ஒரு மண் துகளைக்கூட இழுத்துக்கொண்டு வராமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

அதற்கு முதல் தேவை சரியான மண். களியும் மணலும் கலந்து, நனைத்துப் பிசைந்தால் உருட்ட வருகிற செம்மண் நல்லது. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் தண்ணீரை நன்றாக நிறுத்தும். ஆனால் நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்த கரிசல் கரையில், ஐப்பசியின் முதல் பெருமழை ஒரே நாளில் தண்ணீரை ஏற்றிவிட்டால், வெடிப்பு மூடுவதற்குள் அதன் வழியே தண்ணீர் ஊடுருவி ஓட ஆரம்பித்துவிடும். அதனால் கரிசல் கரையின் மேல் ஒன்றிரண்டு அடிக்குச் சரள் கலந்த செம்மண் போர்த்துவது நல்லது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் இதற்கு நேர் எதிர். வெடிக்காது, தண்ணீரும் நிற்காது.

கண்ணுக்கு நல்ல களி மாதிரி தெரிந்தாலும் சில மண் தண்ணீரில் பால்போலக் கரைந்துவிடும். அதைச் சோதிப்பது எளிது. காய்ந்த மண்ணில் பட்டாணி அளவு கட்டியை எடுத்து, கண்ணாடி டம்ளரில் பிடித்த மழைத்தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். கலக்கக் கூடாது. கட்டி உடைந்து அப்படியே அடியில் குவிந்தால் பெரும்பாலும் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் புகைபோலக் கலங்கல் பரவினால் அந்த மண்ணில் கரை போடக் கூடாது. ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டியே ஆக வேண்டும்.

மண் நல்லதாக இருந்தும் கரை கெட்டுப்போவதற்குக் காரணம், பெரும்பாலும் அதைப் போட்ட விதம். ஜேசிபியை விட்டு இரண்டே நாளில் குவித்துவிட்டுப் போன கரை உள்ளே பொலபொலவென்றுதான் இருக்கும். முதலில் மேல்மண்ணையும் வேரையும் வழித்து எடுக்க வேண்டும். அப்புறம் கரையின் நீளத்துக்கு நடுவில் ஒரு பள்ளம் வெட்டி, கெட்டியான அடித்தரை வரை போய், அதைக் களிமண்ணால் நிரப்ப வேண்டும்; இல்லாவிட்டால் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வெளியேறும். பிறகு அரை அடி அரை அடியாக மண் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். ரோலர் இல்லாத காலத்தில் ஆட்டு மந்தையை ஓட்டி மிதிக்கவிட்டார்கள். ஆட்டுக்குளம்பு போல முளை வைத்த ரோலர் இன்றும் களிமண்ணை இறுக்கப் பயன்படுகிறது.

அளவிலும் பலர் கஞ்சத்தனம் செய்துவிடுகிறார்கள். 12 அடிக் கரைக்கு மேலே 10 அடி அகலம், தண்ணீர்ப் பக்கம் ஓர் அடி உயரத்துக்கு 3 அடிச் சரிவு, வெளிப்பக்கம் 2 அடிச் சரிவு என்று வைத்தால், அடியில் கரையின் அகலம் 70 அடி வரும். "எழுவது அடியா?" என்று பெரியப்பாவே அதிர்ந்துபோனார். எங்கள் கரையை அளந்தபோது 46 அடிதான் இருந்தது.

உடைவது எப்படி

மண் அணைகள் உடைவதற்கு முக்கியமாக மூன்று வழிகள். தண்ணீர் மேலே ஏறி வழிவது, உள்ளே அரித்துக் குடைவது, கரையே சரிந்து விழுவது. உலகம் முழுக்க உடைந்த பெரிய மண் அணைகளை ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்பதுக்கு மேல் முதல் இரண்டு வழிகளில்தான் உடைந்திருக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள்.

மேலே வழிவதை முதலில் பார்ப்போம். கான்கிரீட் அணைமேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மண் கரைமேல் வழிந்தால் வெளிச்சரிவை அரித்து, கொஞ்ச நேரத்தில் கரையையே அறுத்துவிடும். இதைத் தடுப்பது முக்கியமாக மறுகாலின் அகலம்தான். கரையை இன்னும் உயர்த்துகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். மறுகாலையும் கூடவே உயர்த்தினால் கூடுதல் தண்ணீரைத்தான் தலைக்கு மேல் வைத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு அகலம் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குட்டைக்குத் தண்ணீர் தரும் மேட்டு நிலம் 50 ஏக்கர் என்று வைப்போம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40 கன மீட்டர் தண்ணீர். நிலம் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும்போது மணிக்கு 10 சென்டிமீட்டர் வீதம் மழை கொட்டினால், ஒரு மணி நேரத்தில் 20,000 கன மீட்டர் ஓடி வரும். அதாவது வினாடிக்கு ஐந்தரை டன். இதை இரண்டு அடி ஆழத்தில் வழியவிட வேண்டுமானால் மறுகால் வாய் ஏறத்தாழ 23 அடி அகலம் இருக்க வேண்டும். அதற்கு மேலும் கரை தலைதூக்கி நிற்க வேண்டும். மறுகால் முழுவீச்சில் பாயும்போதும் நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே ஓர் அடியாவது மிச்சம் இருந்தால்தான் அலையைத் தாங்கும். பல தோப்புகளில் மறுகாலுக்குப் பதிலாக ஓர் அடி விட்டமுள்ள சிமென்ட் குழாய் ஒன்றைப் பதித்துவைத்திருக்கிறார்கள். இந்த வெள்ளத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூட அந்தக் குழாய் கடத்தாது. ஒரு தென்னை மட்டை குறுக்கே விழுந்தால் அதுவும் போச்சு.

இந்த இடத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் தனியார் மண் அணை. பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் இருந்த 72 அடி உயர அணை, பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைக் கிளப் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. நீர்மட்டத்தைத் தேவைக்கு இறக்க அடியில் இருந்த இரும்புக் குழாய்களை முந்தைய சொந்தக்காரர் கழற்றி விற்றுவிட்டார். கிளப்காரர்கள் திரும்பப் போடவில்லை. குதிரை வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தணித்தார்கள். வளர்த்த மீன் தப்பிவிடக் கூடாது என்று மறுகாலின் குறுக்கே கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் அந்தத் தடுப்பில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறியது, அணை உடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். எங்கள் மறுகாலில் கட்டியிருந்த நைலான் வலையை நினைக்கும்போதெல்லாம் இந்த எண் என் தலைக்குள் வந்து நிற்கிறது.

இரண்டாவது வழி, உள்ளே குடைவது. இதைக் கண்டுபிடிப்பது கடினம், அதனால் நிதானமாகப் பார்ப்போம். கரையின் வெளிப்பக்க அடியில் தண்ணீர் கசிந்து வெளியே வருகிறது. அது வரும் இடத்தில் நாலைந்து மண் துகள்களைக் கூட்டிக்கொண்டு வந்தால், அங்கே சின்னப் பொந்து உண்டாகிறது. பொந்து உண்டானதும் தண்ணீருக்கு அந்த வழி சுலபமாகிறது. இன்னும் கொஞ்சம் மண் வருகிறது. இப்படி வெளியிலிருந்து உள்ளே, குளத்தை நோக்கிப் பின்வாங்கிப் பின்வாங்கி ஒரு குழாய் வளர்கிறது. அது தேங்கிய தண்ணீரை எட்டிய பிறகு மிச்சம் இருப்பது மணிக்கணக்குத்தான்.

இந்தக் குழாய்க்கு ஆரம்பம் போட்டுக்கொடுப்பவை நமக்குப் பழக்கமானவைதான். நண்டு வளை, பெருச்சாளிப் பொந்து, கரையான் புற்று, பட்டுப்போன மரத்தின் வேர். மரம் உயிரோடு இருக்கும்வரை வேர் மண்ணைப் பிடித்திருக்கும். வெட்டிவிட்டால் வேர் மக்கி, அந்த இடம் வெற்றுக்குழலாகிவிடும். ஆகவே கரையில் தன்னால் முளைக்கிற உடை மரத்தை விரல் பருமனிலேயே பிடுங்கிவிட வேண்டும். பெரிதாக வளர்ந்துவிட்டதை மேலோடு வெட்டிவிட்டுப் போவது சரியில்லை. தண்ணீர் குறைந்த காலத்தில் வேரோடு தோண்டி எடுத்து, குழியை நல்ல மண்ணால் அடுக்கடுக்காக இறுக்கி மூட வேண்டும். குளத்தங்கரையில் பனை நிற்கிறதே என்று கேட்பீர்கள். அகலமான பழைய குளக்கரை வேறு, பத்தடி உச்சி உள்ள தோப்புக் கரை வேறு. இதற்கு அருகம்புல் போதும், வெட்டிவேரும் நல்லது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுவது மடைக்குழாயைப் பார்த்துத்தான். பாசனத்துக்காகக் கரையின் ஊடே ஒரு பிவிசி குழாயைச் செருகியிருப்பார்கள். குழாயின் வழவழப்பான முதுகை ஒட்டி மண் ஒருபோதும் சரியாக இறுகுவதில்லை. தண்ணீர் குழாய்க்குள் போவதோடு குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டியும் ஒரு பாதை தேடிக்கொள்ளும். குழாய் வெளியேறும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, அதைச் சுற்றி நல்ல ஆற்று மணலில் ஒரு வடிகட்டி வைப்பதுதான் இதற்கு நம்பகமான தடுப்பு. மணல் தண்ணீரை விடும், மண்ணை விடாது.

ஆக, பார்க்க வேண்டியது கசிவின் அளவைவிட அதன் நிறத்தை. தெளிந்த கசிவு, பல மாதமாக ஒரே அளவில் இருந்தால் அதனோடு வாழலாம். கலங்கலாக வந்தால் கரைக்குள் இருக்கும் மண் வெளியே வருகிறது என்று பொருள். திடீரெனக் கூடினாலும், தெளிவாக இருந்தது ஒருநாள் கலங்கினாலும் அது அவசரம். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற மண் அணை ராத்திரி நேரத்தில் உடைந்து உயிர்கள் போயின. அணை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது, சரிவது. இதைப் பற்றி இரண்டே விஷயம். வெளிச்சரிவில் பிறை வடிவில் வெடிப்பு தெரிந்தாலோ, அடிவாரம் உப்பிப் புடைத்து நின்றாலோ, கரை நகரத் தொடங்கிவிட்டது. அப்புறம், நிறைந்து நின்ற குட்டையை மோட்டார் போட்டு ஒரே நாளில் வற்ற வைக்கக் கூடாது. ஊறிக் கனத்த உள்சரிவு, எதிரே தாங்கிய தண்ணீர் போனதும் சரிந்துவிடும். அவசரம் இல்லாத நாளில் ஒரு நாளைக்கு ஓர் அடிக்குமேல் இறக்காமல் இருப்பது நல்லது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021ல் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்து சில நிபந்தனைகளுக்குள் வரும் அணைகளுக்கும் அது பொருந்தும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரத் திட்டம் எல்லாம் அவற்றுக்குக் கட்டாயம். 12 அடி என்பது 4 மீட்டர்கூட இல்லை. சட்டம் நம் தோப்புக்குள் வராது. ஆனால் அது பெரிய அணைக்குச் சொல்லும் பழக்கங்களை நாமும் கைக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை.

உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி பழையது. 1868ல் இங்கிலாந்தில் ஒரு மில் முதலாளியின் தேக்கத்திலிருந்து தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் புகுந்த வழக்கில், சொந்த நிலத்தில் ஆபத்தானதைக் கொண்டுவந்து தேக்கி வைத்தவர், அது தப்பிப் போனால், கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று தீர்ப்பானது. ஆறு வருஷம் கழித்து, 1874ல், நம் சென்னை மாகாணத்து வழக்கு ஒன்று, அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் குளங்கள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்திவிட்டன. மதராஸ் ரயில்வே கம்பெனி நஷ்டஈடு கேட்டது. இந்த நாட்டு விவசாயத்துக்குக் குளங்கள் இன்றியமையாதவை, தொன்றுதொட்டு வருபவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, ஆகவே அவருடைய கவனக்குறைவு இல்லாதபோது அவர் பொறுப்பல்ல என்று சொன்னார்கள். இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கண்ணில் பட்டது, கவனக்குறைவு இல்லாதபோது என்கிற அந்தப் பகுதிதான். மறுகாலில் வலை கட்டியவர் அதைச் சொல்லி நிற்க முடியுமா?

இன்னும் கரை போடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பட்டாவுக்குள் ஓடுகிற ஓடை வருவாய்க் கணக்கில் புறம்போக்காக இருந்தால் அதை மறிக்க உங்களுக்கு உரிமை இல்லை. முதலில் தாலுகா அலுவலகத்தில் வரைபடத்தைப் பாருங்கள். குட்டை அமைப்பது பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையில் கேட்டால் இடத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

நடந்து பார்ப்பது

அந்த ராத்திரிக்குப் பிறகு வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். மழை இல்லாத காலத்தில் மாதம் ஒரு தடவை, மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை, பெருமழை அன்று சில மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது கரையை நடந்து பார்க்கிறோம். போகும்போது கரை உச்சியில், வரும்போது வெளிப்பக்க அடிவாரத்தில். உச்சியில் மட்டும் நடப்பவருக்குப் பாதிதான் தெரியும். கசிவு அடிவாரத்தில்தான் தெரியும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் புல் பச்சையாக, கோரை முளைத்து இருந்தால் அங்கே ஈரம் இருக்கிறது. தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு தகரம் வைத்து, 15 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணி எழுதுகிறோம். கூடவே அன்றைய நீர்மட்டம். குட்டைக்குள் ஒரு கல்தூண் நட்டு அடிக்கணக்குக் கோடு போட்டிருக்கிறது. நீர்மட்டம் ஏறும்போது கசிவு கூடுவது இயல்பு. மட்டம் அதேபோல் இருந்தும் வாளி முன்பைவிடச் சீக்கிரம் நிறைந்தால்தான் கவலை. எழுதி வைக்காவிட்டால் இந்த வித்தியாசம் யாருக்கும் பிடிபடாது.

கரை உச்சியின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். புது மண் அமுங்கும், உயரம் அதிகமான நடுப்பகுதி இன்னும் அமுங்கும். கொத்தனாரின் ட்யூப் லெவல் கொண்டு பார்த்ததில் எங்கள் கரையின் நடு முக்கால் அடி தணிந்திருந்தது. டிராக்டர் ஏறி இறங்கிய தடம் வேறு. வெள்ளம் முதலில் வழியப்போவது அந்தத் தணிவில்தான். அதை மண் போட்டு இறுக்கிச் சமன் செய்தோம். மறுகாலை 8 அடியிலிருந்து 24 அடிக்கு விரித்து, கல் பாவினோம். அது கரையின் ஊடே வெட்டியது அல்ல, கரை முடிகிற இடத்தில் கெட்டியான இயற்கைத் தரையில் வெட்டியது. மண் நிரப்பிய இடத்தில் மறுகால் வைத்தால் அது பாயும்போதே கரையையும் அரித்துவிடும். மீன் குத்தகைக்கு எடுத்தவரிடம் ஐப்பசி முதல் தை வரை வலை கூடாது என்று சொன்னோம். அவருக்கு வருத்தம்தான், குத்தகைத் தொகையைக் குறைத்துக்கொண்டோம்.

புதிதாகக் கட்டியவர்கள் முதல் நிறைவைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இதுவரை தண்ணீரே பார்க்காத கரை முதன்முதலாக நிறையும்போதும் அடுத்த சில ஆண்டுகளிலும்தான் உள்ளரிப்பு ஆபத்து மிக அதிகம். மடையைத் திறந்து வைத்து, ஒரேயடியாக நிறையவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற முடிந்தால் நல்லது.

கலங்கல் வந்துவிட்டால்

கசிவு கலங்கலாக வருகிறது, அல்லது அடிவாரத்தில் மணல் ஊற்றுப்போலக் கொப்பளிக்கிறது என்று வைப்போம். கை உடனே போவது களிமண்ணை அள்ளி அந்த ஓட்டையை அடைக்கத்தான். அடைக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி பக்கத்தில் வேறு இடத்தில் இன்னும் மோசமாகக் கிளம்பும். முதலில் கொஞ்சம் கரடான ஆற்று மணலைப் போட்டு, அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று பரப்பி, தண்ணீர் வரட்டும், மண் வராமல் இருக்கட்டும் என்று விட வேண்டும். சுற்றிலும் மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே தண்ணீரைக் கொஞ்சம் உயரவிட்டால் வேகம் தணியும். இதற்காகவே மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு யூனிட் மணலும் ஜல்லியும் நூறு வெற்றுச் சாக்கும் கிடக்கின்றன. கூடவே மடையைத் திறந்து, இருக்கிற மோட்டாரை எல்லாம் ஓட்டி, குட்டையை இறக்க வேண்டும். இந்த நேரத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடி என்ற கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. கரையை நடுவில் வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். வெட்டிய இடத்தைத் தண்ணீர் நிமிஷத்தில் அகலப்படுத்திவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கீழே இருப்பவர்களை எழுப்புவது. உடைந்த பிறகு போன் செய்தால் தண்ணீர்தான் முந்தும். கரைக்கு ஒன்றாகிவிடுமோ என்ற சந்தேகம் வந்ததுமே சொல்ல வேண்டும். பொய்யான எச்சரிக்கை என்று நாலு பேர் திட்டினால் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் மோட்டார் ரூம் சுவரில் கரிக்கட்டியால் பெரியப்பா எழுதியிருக்கிறார். மேலே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077. அதற்குக் கீழே கிராம நிர்வாக அலுவலர், பஞ்சாயத்துத் தலைவர், கீழ்க்குளத்தில் மடை திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சி. அப்புறம் அந்தத் தெருவில் ராத்திரி போனை அணைத்து வைக்காத ஐந்து வீட்டுக்காரர்களின் எண்கள். போன கார்த்திகையில் மழை விடாமல் பெய்த ஓர் ராத்திரி அந்த ஐந்து பேரில் ஒருவர்தான் முதலில் கூப்பிட்டார். "என்ன தம்பி, மறுகால் பாயுதா?" பாய்ந்துகொண்டிருந்தது, 24 அடிக்கும்.